ஹேமாவின் பதினான்காவது குரோமோசோம்

ஹேமாவின் குரோமோசோமில் எந்தக் கோளாறும் இல்லை. இருப்பதாகச் சொன்னது நான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தே சொன்னேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். எழுந்து போவதானால் இப்போதே போய்விடுங்கள். முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்தியவள் நான். பாதி வகுப்பில் எழுந்து போகிறவர்களைப் பார்த்துப் பழகிவிட்டது.

உட்கார்ந்திருக்கிறீர்களா? சரி. அப்படியானால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

என் பெயர் ஜெசிந்தா. திருச்சி புத்தூரில் வீடு. ஆட்டோக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் தெரியாது. "குரோமோசோம் டீச்சர் வீடா?" என்று கேட்டு நேராகக் கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பட்டத்தைக் கேட்டு எத்தனை நாள் உள்ளுக்குள் பூரித்திருக்கிறேன் தெரியுமா? இப்போது கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பட்டம் வரக் காரணம் ஒரு பெண்டுலம். அது என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு நூல், அதன் நுனியில் ஒரு கல். விரலிடுக்கில் தொங்கவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். கல் வலப்பக்கமாகச் சுற்றினால் ஆம், இடப்பக்கமாகச் சுற்றினால் இல்லை. அவ்வளவுதான் வித்தை! கல்லை ஆட்டுவது கைத்தசை. அந்தத் தசையை ஆட்டுவது, நம் மனத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பதில். இதைப் பிளஸ் டூ படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவேன். எனக்கு நானே புரியவைக்கத்தான் முடியவில்லை... இல்லை, அதுவும் பொய். புரிந்திருந்தது. வேண்டாம் என்று ஓரமாக வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற வருடம் எனக்கு முழங்கால் வலி. தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் மூன்று நாள் எனர்ஜி ஹீலிங் வகுப்பு நடக்கிறது, மருந்து மாத்திரை கிடையாது, வாருங்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண்மணி இழுத்துக்கொண்டு போனாள். நான் சண்டை போடத்தான் போனேன். நம்புங்கள்.

வகுப்பெடுத்த மனிதர், நம் டி.என்.ஏ.வில் மொத்தம் பன்னிரண்டு இழைகள், இரண்டுதான் விழித்திருக்கின்றன, பத்து தூங்குகின்றன என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, இரண்டுதான் இருக்கிறது, மீதிப் பத்தை நீங்கள் எந்த நுண்ணோக்கியில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் சிரித்தார். மேடம் சயன்ஸ் டீச்சர், இப்படி ஒருவர் வந்தது நமக்கெல்லாம் பாக்கியம் என்று சொல்லி முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னார்.

டீ இடைவேளையில் எட்டுப் பத்துப் பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மேடம், சர்க்கரை வியாதி பரம்பரையா? மேடம், பெண்குழந்தைக்கு அப்பா சாயல் ஏன் வருகிறது? ஓய்வு பெற்று ஒரு வருடமாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மகன் துபாயிலிருந்து போன் செய்தால், சாப்பிட்டாயா என்பதோடு சரி. நான் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். டீ ஆறிப்போனது கூடத் தெரியவில்லை.

இப்படித்தான் விழுந்தேன். கல்லின் சக்தியில் அல்ல... பதில் சொல்லும் சுகத்தில்!

வகுப்பு முடிந்து வீடு திரும்பியபோது என் கையிலும் ஒரு பெண்டுலம். ஊரில் பெண்டுலம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் உடம்பின் ஏழு சக்கரம் வரைந்த அட்டை வைத்திருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அறிவியல் கண்காட்சிக்கு வரைகிற மாதிரி, சார்ட் பேப்பரில் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம்களையும் வரிசையாக வரைந்தேன். நெட்டை, குட்டை எல்லாம் அளவு தப்பாமல், வண்ணம் தீட்டி, எண் போட்டு. உங்கள் தலைமுடி ஒன்றை அதன்மேல் வைத்து, ஒவ்வொரு ஜோடியாகக் கல்லைக் கொண்டு போவேன். எங்கே இடமாகச் சுற்றுகிறதோ அங்கே 'முடிச்சு'. முடிச்சை அவிழ்ப்பதற்கு நாற்பத்தெட்டு நாள் ஹீலிங். அவர்களிடம் ஏழு, என்னிடம் இருபத்து மூன்று. யாரால் போட்டி போட முடியும்?

காசு வாங்கவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். தூ!

இனி ஹேமா.

உறையூர்ப் பெண். என்னிடம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படித்தவள். முதல் பெஞ்சு இல்லை, மூன்றாவது. அதிகம் பேசமாட்டாள், எழுதினால் சுத்தமாக எழுதுவாள். செல் பிரிதல் படம் வரையச் சொன்னால், பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டுதான் தொடங்குவாள். ஸ்ரீரங்கத்தில் பிரகாஷ் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்திரை வீதிப் பக்கம் சொந்த வீடு, கண்டோன்மென்டில் ஆபீஸ் வேலை. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது. புத்தூரில் பார்த்த டாக்டரம்மா, கணவன் மனைவி இரண்டு பேருக்கும் குரோமோசோம் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஆளுக்கொரு குழாய் ரத்தம், மூன்று வாரத்தில் ரிசல்ட். பிரகாஷ் மாட்டேன் என்றான். அவனைப் பெற்றவள் ருக்மணியம்மாள், என் பிள்ளைக்கு என்ன குறை, ஊசி குத்திப் பார்க்க என்றாள். அப்புறம் யார் சொல்லியோ, குரோமோசோம் என்றால் புத்தூரிலேயே ஒரு டீச்சர் இருக்கிறாராமே, ஊசியே வேண்டாமாமே என்று கிளம்பினாள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஹேமா எனக்குப் போன் செய்தாள். இதைக் கவனமாகக் கேளுங்கள். இதுதான் முக்கியம்.

"டீச்சர், நாளைக்கு அத்தை எங்களை உங்ககிட்ட கூட்டிட்டு வராங்க. நீங்க அந்த டெஸ்ட்ட எடுக்கச் சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா எடுபடல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

வா, பார்த்துக்கலாம் என்றேன். எவ்வளவு தாராளமாகச் சொன்னேன்!

மறுநாள் காலை பதினோரு மணி. என் வீட்டுக் கூடத்தில் டீப்பாயின் மேல் இரண்டு சார்ட்டுகளை விரித்தேன். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. எதிரே சோபாவில் ருக்மணியம்மாள். பக்கத்தில் பிரகாஷ், போனைப் பார்த்துக்கொண்டு. ஓரத்து நாற்காலியில் ஹேமா, என்னையே பார்த்துக்கொண்டு.

ஒரு வார்த்தை. 'டெஸ்ட் எடுங்கள்.' இரண்டு சொல். சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

சொல்லாததற்குக் காரணத்தை எத்தனையோ விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பெரியவள் மனம் நோகக் கூடாது என்று... நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று... எல்லாம் சப்பைக்கட்டு. உண்மைக் காரணம் வேறு. பரிசோதனை எடுத்தால் மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வரும். அது என் சார்ட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அதுவரை என்னிடம் வந்த யாரும் ரிப்போர்ட்டோடு வந்ததில்லை. சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமின்மை... ஆறினால் நான், ஆறாவிட்டால் அவர்கள் கர்மம். இங்கே முதன்முறையாக நான் சொன்னது சரியா தப்பா என்று ஒரு மெஷின் சொல்லிவிடும். பயந்தேன். பரீட்சைக்குப் பயந்த பிள்ளையைப் போல நான் பயந்தேன்.

பிரகாஷின் தலைமுடியை வைத்தேன். கல் இருபத்து மூன்று ஜோடியிலும் வலமாகவே சுற்றியது. சுற்றாமல் என்ன செய்யும்? பெற்றவள் எதிரில் உட்கார்ந்து என் விரலையே முறைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் சுத்தம் என்றேன். அவள் தாலிச் சரட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு ஹேமாவின் முடி. இரண்டு பேருக்கும் சுத்தம் என்றால் கரு ஏன் கலைகிறது என்ற கேள்வி வந்துவிடுமே! எங்காவது ஓரிடத்தில் கல் இடமாகச் சுற்றியாக வேண்டும். சுற்றியது. பதினான்கில்.

ஏன் பதினான்கு? அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குரோமோசோம் இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும் பாடத்தில் நான் வருடா வருடம் பலகையில் போடும் உதாரணம் பதினான்கும் இருபத்தொன்றும். அப்படி ஒட்டிக்கொண்ட ஆள் பார்க்க ஆரோக்கியமாக இருப்பார். ஆனால் கரு தங்குவதில் சிக்கல் வரும். முப்பத்திரண்டு வருடம் அந்த எண்ணை எழுதிய கை அது. அந்த எண்ணில்தான் போய் நிற்கும். இந்தப் பாடத்தை ஹேமாவும் என்னிடம்தான் படித்தாள். ஆணிடம் இருந்தாலும் பெண்ணிடம் இருந்தாலும் கரு கலையலாம், ஆகவே இருவரையும் சோதிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதச் சொன்னவளும் நான்தான்.

இவளுக்குப் பதினான்காவதில் முடிச்சு இருக்கிறது, தாய்வழியில் வந்தது, நாற்பத்தெட்டு நாளில் அவிழ்த்துவிடலாம், டெஸ்டெல்லாம் இப்போது அவசரமில்லை என்றேன்.

ஹேமா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவள் தலையில் கட்டினேன். இதைவிடக் கேவலமாக என்னால் இதைச் சொல்ல முடியவில்லை. முடிந்தால் சொல்லியிருப்பேன்.

நாற்பத்தெட்டு நாளும் பதினோரு மணிக்கு அவள் அங்கே உள்ளங்கையை விரித்து மடியில் வைத்துக் கண்ணை மூடி உட்கார வேண்டும். நான் இங்கே அவள் முடியின்மேல் கல்லைச் சுற்ற வேண்டும். சுற்றினேன். சில நாள் மறந்துபோனேன். ஒரு நாள் மீன்காரியோடு வாசலில் பேரம் பேசிக்கொண்டிருந்து, மணி பன்னிரண்டானதும்தான் நினைவு வந்தது. ஹேமா ஒருநாளும் மறக்கவில்லையாம். பிற்பாடு தெரிந்தது.

மறுபடி கரு தங்கியது. ருக்மணியம்மாள் ஆப்பிளும் சமயபுரத்துக் குங்குமமும் கொண்டுவந்தாள். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, குங்குமத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்தேன். அந்த ஒரு மாதம் என் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

நாலாவது மாதம் கலைந்தது. இந்த முறை ரத்தப்போக்கு நிற்காமல், ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். என் வீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். நாற்பத்தெட்டு நாள் ஹீலிங் செய்கிறவளுக்கு முழங்கால் வலி!

ருக்மணியம்மாள் வந்து, என்ன டீச்சர் இப்படி ஆயிடுச்சே என்றாள். அப்போதாவது வாய் திறந்தேனா? சிலருக்கு முடிச்சு ஆழமாக இருக்கும் என்றேன். அந்த வாக்கியத்தை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அந்த வருடம் முடிவதற்குள் ஹேமா உறையூருக்குத் திரும்பிவிட்டாள். மறு வருடம் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு விலகினார்கள். பிரகாஷுக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள்.

மாதத்துக்கு ஒரு முறை சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவள் நான். வேலைக்காரியிடம் எரிந்து விழுந்ததைச் சொல்வேன், ஞாயிறு பூசைக்குப் பிந்திப் போனதைச் சொல்வேன். இதை மட்டும் ஒரு முறையும் சொன்னதில்லை. சாமியாருக்குக் குரோமோசோம் என்றால் என்னவென்று முதலிலிருந்து விளக்க வேண்டும், பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று காரணம் வைத்திருந்தேன். நல்ல காரணம் இல்லையா?

இந்த ஜூன் மாதம் ருக்மணியம்மாளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இரண்டாவது மருமகளுக்கும் இரண்டு முறை கலைந்துவிட்டதாம். அந்தப் பெண்ணின் அப்பா விடாப்பிடியான ஆள், சென்னைக்கு இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்க வைத்துவிட்டாராம். ரிப்போர்ட் வந்திருக்கிறது, ஒன்றும் புரியவில்லை, கொஞ்சம் கல் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள்.

கல் எதற்கு? ஒரே வரி. பிரகாஷின் பெயர். பதினான்கும் இருபத்தொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெண்ணின் ரிப்போர்ட்டில் எல்லாம் சரி.

எண் பொருந்தியிருக்கிறதே என்று நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். தயவு செய்து இறக்குங்கள்! இந்த மாதிரி ஒட்டுதலில் பதினான்கு அடிக்கடி வருவது. அதனால்தான் அது பாடப்புத்தகத்து உதாரணமாகவே இருக்கிறது. நான் பார்த்து அறிந்தது எதுவும் இல்லை. ஆளையே மாற்றிச் சொன்னவளுக்கு எண் பொருந்தினால் என்ன, பொருந்தாவிட்டால் என்ன?

அன்றைக்கே டெஸ்ட் எடுத்திருந்தால் இது அன்றைக்கே தெரிந்திருக்கும். டாக்டர்கள் வழி சொல்லியிருப்பார்கள். இப்படிப்பட்டவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது, பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது முறை ஹேமா அந்தக் கட்டிலில் கிடந்திருக்க வேண்டாம்.

தெரிந்த பிறகு என்ன செய்தேன்? ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்... ஒன்றும் செய்யவில்லை. சார்ட்டைச் சுருட்டிப் பீரோ மேல் வைத்தேன். வருகிறவர்களிடம் கை நடுங்குகிறது என்று சொல்லி அனுப்பினேன். அதற்கும் அவர்கள், பரவாயில்லை டீச்சர், நடுங்கினால் இன்னும் நல்லது, சக்தி அதிகம் என்கிறார்கள். இந்த ஜனங்களை என்ன சொல்லித்தான் விரட்டுவது?

போன ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்குத் திரும்பாமல் உறையூர் பஸ் ஏறினேன். ஹேமா இப்போது ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தார். வாங்க டீச்சர் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. உன்மேல் ஒன்றும் இல்லை, எல்லாம் அவனிடம்தான், ரிப்போர்ட் பார்த்தேன் என்று கொட்டிவிட்டேன். அவள் அழுவாள், கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய ரிப்போர்ட். எல்லாம் சரி என்று போட்டிருந்தது. விலகி வந்த அந்த வருடமே தனியாகப் போய் எடுத்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர். தெரிஞ்ச அன்னிக்கே உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். ஏழெட்டு ஜோடி செருப்பு கிடந்துச்சு. திரும்பிட்டேன்."

பிரகாஷுக்கு அனுப்பினாயா என்று கேட்டேன். அனுப்பினேன், பார்த்ததற்கு இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான் என்றாள். உன் அத்தையிடம் காட்டியிருக்கலாமே என்றேன். அறிவு கெட்டவள் நான்!

"ரிப்போர்ட்ட நம்புறவங்களா இருந்தா அவங்க உங்ககிட்ட ஏன் டீச்சர் வந்திருக்கப் போறாங்க?"

அப்போது அவள் இன்னொன்று கேட்டாள். அன்றைக்கு நீங்கள் நிஜமாகவே நம்பித்தான் சொன்னீர்களா, இல்லை தெரிந்தே சொன்னீர்களா, இது ஒன்றுதான் இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் இருக்கிறது என்றாள். தெரிந்துதான் என்றேன். அவள் ரிப்போர்ட்டை வாங்கி மடித்துக் கவருக்குள் வைத்தாள்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். இரண்டு வரன் வந்து, ஸ்ரீரங்கத்தில் விசாரித்த பிறகு நின்றுபோயிருக்கின்றன. யார் போய்க் கேட்டாலும் ருக்மணியம்மாள், நல்ல பெண்தான், ஆனால் குரோமோசோமில் முடிச்சு, படிச்ச டீச்சரே பார்த்துச் சொன்னார் என்கிறாளாம். இப்போது லால்குடியிலிருந்து ஒரு வரன். மனைவியை இழந்தவர், ஒரு பெண்குழந்தை இருக்கிறது. ஹேமாவுக்கு அவரைப் பிடித்திருக்கிறது. வரும் ஞாயிறு அந்த வீட்டார் விசாரிக்கக் கூடும்.

"என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க டீச்சர். அதை வச்சு நான் என்ன பண்றது. அத்தைகிட்டப் போய்ச் சொல்லுங்க. உங்க வாயாலயே சொல்லுங்க. நீங்க சொல்லித்தான கெட்டுது."

சொல்கிறேன் என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. திரும்பிவிடலாமா என்று நினைக்க நிறைய நேரம் இருந்தது. திரும்பவில்லை. அதையாவது என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்... வேண்டாம், எழுத வேண்டாம்.

ருக்மணியம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மின்விசிறியைப் பெரிதாக வைத்தாள். காபி வந்தது. நான் காபியைத் தொடவில்லை. நான் அன்று சொன்னது அத்தனையும் பொய், என் கல்லுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது, ஹேமாவிடம் எந்தக் குறையும் இல்லை, அவள் எடுத்த ரிப்போர்ட்டை என் கண்ணால் பார்த்தேன், உங்கள் மகனிடம்தான் பதினான்கும் இருபத்தொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி, தெளிவாகச் சொன்னேன்.

அவள் முகத்தில் கோபமே இல்லை. என்மேல் இரக்கப்பட்டாள்!

"அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். நீங்க அன்னிக்குச் சொன்னது பதினாலு. இப்ப மெஷின் சொல்றதும் பதினாலு. அவகூட அஞ்சு வருஷம் வாழ்ந்தான்ல, அவ முடிச்சு இவனுக்கு ஒட்டிக்கிச்சு. அதை இறக்கி விட்டுட்டு அவ சுத்தமாயிட்டா. நீங்க வச்ச ஹீலிங் அவளுக்கு வேலை செஞ்சிருக்கு."

ஒட்டிக்கொள்வது என்றால் அப்படி அல்ல, அது பிறப்பிலேயே வருவது, கருவாகும்போதே இருப்பது, ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்குத் தொற்ற அது சளியா, அம்மையா என்று கத்தினேன். ஆம், கத்தினேன். அந்தக் கூடத்தில் ஒரு காகிதம் கேட்டு, பேனா வாங்கி, குரோமோசோம் படம் போட்டேன். அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நன்றாக வந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்மேல் இருந்த நம்பிக்கை இன்னும் கூடிப்போனதுதான் மிச்சம்.

உங்களுக்கு வயதாகிவிட்டது, யாரோ உங்கள் மனத்தைக் கலைத்திருக்கிறார்கள் என்றாள். ஹேமா வந்து அழுதாளா என்று கேட்டாள். பிறகு உள்ளே திரும்பி இரண்டாவது மருமகளைக் கூப்பிட்டாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்து என் எதிரில் உட்கார்ந்து, தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து நீட்டியது அந்தப் பெண். சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது போன் அடித்தது. ஹேமா. வேலை இடத்திலிருந்து பேசினாள், பின்னால் டோக்கன் கூப்பிடும் சத்தம்.

"சொல்லிட்டீங்களா டீச்சர்?"

சொல்லிட்டேன் என்றேன். அது உண்மை.

"என்ன சொன்னாங்க? ஒத்துக்கிட்டாங்களா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது என் காதில் விழுந்தது. நான் தோற்றுவிட்டேன் என்று ஒரு மாணவியிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதுவா? அவள்மேல் இருந்த பரிதாபமா? எதுவாயிருந்தால் என்ன!

ஒத்துக்கொண்டார்கள் என்றேன்.

அவள் அழுதாள். அந்தக் கூடத்தில் அழவில்லை, ஆஸ்பத்திரியில் அழுதாளோ தெரியாது, என் முகத்துக்கு நேரே அந்தக் கவரை நீட்டியபோது அழவில்லை... இப்போது அழுதாள். ரொம்ப நன்றி டீச்சர் என்றாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, லால்குடிக்காரர்களிடம் நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் கேட்க வேண்டாம், நேரே என் பழைய மாமியாரிடமே போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். நான் குறுக்கிடவில்லை.

இன்று சனிக்கிழமை. சற்று முன்பு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நாளை காலை பத்து மணிக்கு ஸ்ரீரங்கம் போகிறார்கள் டீச்சர், அவரும் கூடப் போகிறார் என்று எழுதியிருக்கிறாள். ருக்மணியம்மாள் அவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்வாள். நான் போட்டுக் கொடுத்த படத்தையும் எடுத்துக் காட்டுவாள்.

செய்திக்கு என்ன பதில் போட்டேன் என்று கேட்கிறீர்களா? நல்லது என்று போட்டேன். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தாயிற்று. மணி நாலு ஆகிறது. நான் இன்னும் அவளைக் கூப்பிடவில்லை.